கயிற்றின் மறுமுனை

நவம்பர் 4, 1987. புதன்

பிற்பகலில் கோத்தகிரி வந்து சேர்ந்தேன். மேட்டுப்பாளையத்தில் நல்ல வெயில். மலைப்பாதையின் பாதியில் அது நின்றுவிட்டது. வீட்டு வாசலில் இறங்கியபோது கார் எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதே விளங்காத அளவுக்குப் பனி.

பணியின் தன்மையை முதலில் பதிவு செய்துகொள்கிறேன். காலஞ்சென்ற மில் அதிபர் அர்த்தநாரி அவர்களின் மகன் மருதாசலமும் மகள் கனகவல்லியும் சொத்துகளைச் சுமுகமாகப் பிரித்துக்கொண்டுவிட்டனர். எஞ்சியிருப்பவை இந்த மலைவீட்டின் மரச்சாமான்களும் சுவர்ப் படங்களும். இவற்றைப் பிரித்துத்தர இரு தரப்பினரும் என்னை நடுவராக ஏற்றுள்ளனர். இருவரும் பதினான்காம் தேதி வருகிறார்கள். அதற்குள் நான் அனைத்தையும் பார்வையிட்டு முடிக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் மூன்றாவது ஷரத்து ஒன்று உண்டு. அது கனகவல்லி அம்மையாரின் யோசனை. "பாவம், அந்த நர்ஸம்மாவும் பத்து வருஷத்துக்கு மேல இருந்துட்டாங்க. எங்க ரெண்டு பேருக்கும் வேண்டாததுல ஏதாவது ஒண்ணை எடுத்துக்கட்டும்" என்று என் அலுவலகத்தில் கூறினார். அவ்வாறே எழுதினேன். எழுதியபோது அதில் எனக்கு எவ்வித உறுத்தலும் ஏற்படவில்லை.

நர்ஸம்மா எனப்படுபவரின் பெயர் மனோரஞ்சிதம். அர்த்தநாரி அவர்களுக்கு முதல் மாரடைப்பு வந்தபோது கவனித்துக்கொள்ள வந்தவர், பிறகு போகவில்லை. ஐம்பது வயது இருக்கலாம். தேநீர் கொண்டுவந்து வைத்தார். சர்க்கரை எவ்வளவு என்று கேட்கவில்லை. சரியாக இருந்தது.

நவம்பர் 5, வியாழன்

படங்களைப் பார்வையிட்டேன்.

முன்கூடத்தில் சுவரையே அடைத்துக்கொண்டு ஒரு மான்வேட்டை. எண்ணெய் வண்ணம், தங்க முலாம் பூசிய சட்டகம். ஏரிக்கரையில் இரண்டு வேட்டை நாய்கள் ஒரு கலைமானைத் துரத்துகின்றன. வீட்டை விற்றுவிட்டுக் கப்பலேறிய வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி சுமக்க மனமின்றி விட்டுச்சென்றது. இதன் முன் நின்று ஒரு கலெக்டர் புகைப்படம் எடுத்துக்கொண்டாராம். அந்தப் புகைப்படமும் அருகிலேயே மாட்டப்பட்டுள்ளது.

சாப்பாட்டு அறையில் கனகவல்லி அம்மையார் தந்தைக்குப் பரிசளித்த நவீன ஓவியம். சிவப்பும் கருப்புமாகச் சில பட்டைகள். கதவைத் திறந்து வைத்தால் அது கதவுக்குப் பின்னே மறைந்துவிடுகிறது. அந்தக் கதவை யாரும் சாத்துவதில்லை என்று சமையல்காரர் பெள்ளி தெரிவித்தார்.

வீட்டின் பின்புறம், குளியலறைக்குச் செல்லும் கண்ணாடி வராந்தாவில், துணி தேய்க்கும் மேசைக்கு மேலே ஒரு சிறிய படம். சாதாரண மரச்சட்டம். கையொப்பம் இல்லை. பனி மூடிய சரிவு; இடப்பக்கம் ஒரு சில்வர் ஓக் மரம்; மரத்திலிருந்து புறப்படும் கொடிக்கயிறு; கயிற்றில் நனைந்து கனத்துத் தொங்கும் கடுகுநிறச் சேலை. ஆள் எவரும் இல்லை. கயிறு வலப்பக்கம் படத்தின் விளிம்பைத் தாண்டிச் சென்றுவிடுகிறது. அது எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்று படம் கூறவில்லை. பனியிலேயே கட்டப்பட்டிருக்கிறது போலும்.

வரைந்தவர் யார் என்று மனோரஞ்சிதம் அம்மாளைக் கேட்டேன். "யாரோ, சார்" என்றார்.

அந்த வராந்தாவில் எழுதுவதற்கு வெளிச்சம் போதுமானதாக உள்ளது. அங்கே ஒரு நாற்காலி போடும்படி பெள்ளியிடம் கூறியுள்ளேன்.

நவம்பர் 7, சனி

காலை முழுவதும் வராந்தாவில் இருந்தேன். கண்ணாடிச் சன்னல்களில் ஒன்று சரியாக மூடாது. அதன் வழியே பனி உள்ளே வந்து, தரையில் சற்று நேரம் தங்கி, கலைகிறது. பார்த்துக்கொண்டே இருந்தால் சன்னலுக்கு வெளியே உள்ள பனி எங்கே முடிகிறது, படத்தில் உள்ள பனி எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல இயலவில்லை. எல்லைத் தகராறுகளிலேயே காலம் கழித்த எனக்கு இது புது அனுபவம்.

படங்களில் எனக்குப் பயிற்சி கிடையாது. என் மனைவி பார்வதி இருந்தவரை வீட்டில் நாட்காட்டிப் படங்கள் மாட்டுவாள். ஆறு ஆண்டுகளாக அந்த ஆணிகள் வெறுமனே இருக்கின்றன. அவற்றில் என்ன படங்கள் இருந்தன என்று நினைவுபடுத்திக்கொள்ள முயன்றேன். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

மனோரஞ்சிதம் அம்மாள் அதே மேசையில் துணி தேய்த்துக்கொண்டிருந்தார். இருவரும் பேசவில்லை. ஈரத்துணியின் மீது இஸ்திரிப் பெட்டி எழுப்பும் ஓசை இதமானது.

நவம்பர் 8, ஞாயிறு

மரச்சாமான்களைப் பார்த்து முடித்தேன். தேக்கு மேசை ஒன்றின் கால் செல்லரித்துள்ளது.

நல்ல சால்வையைக் கொண்டுவந்திருக்கலாம்.

நவம்பர் 9, திங்கள்

இன்று மேசையின் மறுபுறமிருந்து அவரே பேசினார்.

"சார், ஒண்ணு கேக்கலாமா? அவங்க ரெண்டு பேரும் வேண்டாம்னு சொல்லிட்டா, இந்தப் படத்தை நான் கேக்கலாமா?"

நடுவர் எந்தத் தரப்பினருக்கும் ஆலோசனை கூறலாகாது, ஆயினும் ஷரத்தின் பொருளை விளக்குவதில் தவறில்லை என்று முன்னுரைத்து, "இருவரும் மறுத்தால் கேட்கலாம். ஒருவர் விரும்பினாலும் கேட்க முடியாது" என்றேன்.

"அவங்க விரும்பமாட்டாங்க. இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட இது பக்கம் திரும்பினதில்லை" என்றார். தேய்த்த துணியை மடித்து வைத்துவிட்டு, "எனக்கு வேற எதுவும் வேண்டாம் சார். இது ஒண்ணுதான்" என்றார்.

வீட்டில் வெள்ளிப் பாத்திரங்கள் இருக்கின்றன. ஈட்டி மர அலமாரி இருக்கிறது. அவற்றை விட்டுவிட்டு அவர் இதைத் தேர்ந்தெடுத்தது எனக்குப் பெரும் மகிழ்ச்சியளித்தது. ஒரே பொருளை இருவர் நல்லதென்று காண்பதில் ஏற்படும் இயல்பான மகிழ்ச்சி. வேறொன்றுமில்லை.

நவம்பர் 11, புதன்

பனி விலகி வெயில் வந்தது. வீட்டுத் துணிகளெல்லாம் வெளியே வந்தன. வராந்தாவில் அமர்ந்து சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். சில்வர் ஓக் மரம். அதற்கும் ஒரு கம்பத்துக்கும் இடையே கொடிக்கயிறு. கயிற்றில், வெளுத்து நூல் தெரியும் அளவுக்குத் தேய்ந்த, கடுகுநிறச் சேலை.

படத்தைப் பார்த்தேன். சன்னலைப் பார்த்தேன்.

தேநீர் கொண்டுவந்த பெள்ளியிடம், இந்த நாற்காலி எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று கேட்டேன்.

"இங்க இருந்ததுதானுங்க. பெரியவரோட நாற்காலி. இதுல உக்காந்துதான் வரைவாருங்க. டாக்டர் வாக்கிங் போகக்கூடாதுன்னுட்டாரு, அப்புறம்தான் பெயிண்ட் டப்பா வாங்கினது. நிறைய வரைஞ்சு நிறையக் கிழிச்சுப் போட்டாரு. இது ஒண்ணைத்தான் நர்ஸம்மா கிழிக்க விடலை."

"பிள்ளைகளுக்குத் தெரியுமா?"

"அவங்க வர்றப்ப டப்பாவை எடுத்து உள்ள வெச்சிருவாங்க."

இனி முன்னறையிலேயே எழுதலாம். அங்கும் வெளிச்சம் குறைவில்லை.

நவம்பர் 12, வியாழன்

கயிறு சரியாக வரையப்படவில்லை. வலப்பக்கம் அது தொய்ந்து, பிறகு காரணமின்றி மேலேறுகிறது. கம்பத்தில் கட்டிய கயிறு அவ்வாறு இராது. முதல் நாளே கவனித்திருக்க வேண்டும்.

நவம்பர் 13, வெள்ளி

மழை. தேநீரைப் பெள்ளியே கொண்டுவந்தார். நான்தான் அவ்வாறு கூறியிருந்தேன். சர்க்கரை அதிகம்.

மரத்தின் அடிப்பகுதியும் சரியில்லை.

நவம்பர் 14, சனி

இரு தரப்பினரும் வந்தனர். நடந்ததை நடந்தவாறே எழுதுகிறேன்.

மருதாசலம் மழைக்கோட்டைக் கழற்றியவர் நேரே பின்வராந்தாவுக்குப் போனார். என் நாற்காலி அங்கேயே, படத்தைப் பார்த்தவாறு கிடந்தது. அதை எடுத்து வைக்கச் சொல்ல மறந்திருந்தேன்.

"ஏனுங்க வக்கீலய்யா, பெள்ளி சொன்னான். நாள் பூராவும் இந்தப் படத்து முன்னாலயே உக்காந்திருந்தீங்களாமா?"

"வெளிச்சத்திற்காக" என்றேன்.

"அட, வெளிச்சம் வீடு பூராவுந்தான் இருக்குது." கண்களைச் சுருக்கிக்கொண்டு படத்தை நெருங்கினார். "உங்களை மாதிரி ஒருத்தர் உக்காந்து பார்த்தா அதுல விஷயம் இல்லாம இருக்குமுங்களா? நானும் எத்தனை தடவை இந்த வழியாக் குளிக்கப் போயிருப்பேன். கண்ணுலயே படலீங்க."

"உங்க கண்ணுல எதுண்ணா பட்டிருக்கு? பிரேம்ல தங்கம் பூசியிருந்தாத்தான் உங்களுக்குப் படம்" என்றபடி கனகவல்லி அம்மையார் மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டார். "இவ்வளவு வெற்றிடத்தை விட்டு வைக்க எவ்வளவு தைரியம் வேணும் பாருங்க! எங்க மெட்ராஸ் வீட்டு ஹாலுக்கு இது கச்சிதமாப் பொருந்தும். நான் எப்பவும் சொல்லிக்கிட்டேதான் இருந்தேன்."

"எப்ப அம்மிணி சொன்னே?"

"மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன்."

"அப்படின்னா எனக்கும் வேணும்."

"இப்பத்தானே கண்ணுல படலைன்னீங்க?"

"இப்பப் பட்டிருச்சே!"

மனோரஞ்சிதம் அம்மாள் காபித் தட்டோடு வாயிற்படியில் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. தட்டு அசையவில்லை. ஒவ்வொருவருக்கும் கொடுத்தார். கனகவல்லி அம்மையார் படத்திலிருந்து பார்வையை எடுக்காமலேயே, "நர்ஸ், இதைத் தூசி தட்டி வைங்க. கண்ணாடி போடணும்" என்றார்.

"சரிங்க."

என் காபியில் சர்க்கரை இல்லை. நான் கேட்கவுமில்லை.

பத்து ஆண்டுகளாக எவர் கண்ணிலும் படாமல் பத்திரமாக இருந்த பொருள், நான் அதன் எதிரில் ஒரு நாற்காலியைப் போட்டதால் கண்ணில் பட்டுவிட்டது. சட்டப்படி என்மீது பிழை ஏதுமில்லை.

நவம்பர் 15, ஞாயிறு

காலையில் பனியில் நடந்தேன். எனக்கு முன்னிருந்த வழிகளைப் பரிசீலித்தேன்.

வரைந்தவர் யாரென்று கூறிவிடலாம். கூறினால் தந்தையின் கைவேலை என்று பிள்ளைகள் உரிமை கொண்டாடலாம். அந்தச் சேலை யாருடையது என்று புரிந்துகொண்டால் அடுப்பில் போடவும் செய்யலாம். மேலும், அது என்னிடம் எவரும் ஒப்படைத்த செய்தியன்று. வெளியிட எனக்குப் பாத்தியதை இல்லை.

பேசாதிருக்கலாம். பேசாதிருந்தால் படம் மெட்ராஸுக்கோ மில் அலுவலகத்துக்கோ போகும்.

மதிய உணவுக்குப் பின் கனகவல்லி அம்மையாரே கேட்டார். "சார், நீங்க சொல்லுங்க. அந்தச் சேலைப் படத்தைப் பத்தி உங்க அபிப்பிராயம் என்ன?"

"அதுவா?" என்றேன். "என் குமாஸ்தா வீட்டில் இதே போல் ஒன்று மாட்டியிருக்கிறார். அவருடைய மைத்துனர் வரைந்தது."

என் குமாஸ்தாவுக்கு மைத்துனர் கிடையாது. அது மட்டும் பொய். மற்றவை அபிப்பிராயங்கள், ரசனை பற்றிய கருத்து சாட்சியம் ஆகாது.

கனகவல்லி அம்மையாரின் புருவம் உயர்ந்தது. மேலும் சொன்னேன். பேருந்து நிலையத்து லாட்ஜ் அறைகளில் கட்டிலுக்கு மேல் இத்தகைய படங்களைக் காணலாம்; வெற்றிடம் என்பது வரையத் தெரியாதவர் விட்டுவைத்த இடம்; மரம் தரையில் ஊன்றாமல் நிற்கிறது; சேலையின் மடிப்பு தவறு. "அந்தக் கயிறு ஒன்று போதும்" என்றேன். "கட்டிய கயிறு அப்படித் தொய்ந்து ஏறாது. கண்ணெதிரே இருப்பதைக்கூடப் பார்த்து வரையத் தெரியாத கை."

மனோரஞ்சிதம் அம்மாள் வெற்றிலைத் தட்டை மேசையில் வைத்துக்கொண்டிருந்தார். வைத்துவிட்டு உள்ளே போனார்.

"எனக்கு அப்பவே ஏதோ உறுத்திச்சு" என்றார் கனகவல்லி அம்மையார். "ஹாலுக்குக் கொஞ்சம் மலிவாத்தான் தெரியும்."

"குமாஸ்தா வீட்டுல இருக்கறதை நான் எப்படீங்க ஆபீஸ்ல மாட்டறது?" என்றார் மருதாசலம். "அப்புறம் எதுக்குங்க அங்கயே உக்காந்திருந்தீங்க?"

"முதுகுவலி. அந்த நாற்காலி வாகாக இருந்தது."

பிறகு நாற்காலியை நானே தூக்கிவந்து முன்கூடத்தில் மான்வேட்டைக்கு எதிரே போட்டு, மாலை முழுவதும் அதில் அமர்ந்திருந்தேன். மருதாசலம் என் பின்னால் வந்து நின்று, "அந்த நாயோட கண்ணைப் பாருங்க, உசுரோட இருக்குதுங்க" என்றார். ஆம் என்றேன்.

ஒன்றை எழுதாமல் விடுவது முறையன்று. படத்தில் குறைகளைச் சொல்லத் தொடங்கியபோது அவற்றை நான் தேட வேண்டியிருக்கவில்லை. வரிசையாக வந்தன. இறந்துபோன ஒரு மனிதரை, அவரைப் பார்த்துக்கொண்டவர் காதில் விழும்படி, வரையத் தெரியாதவர் என்றேன். அந்த அம்மாளுக்காகப் பேசுகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டு பேசினேன்.

இத்துடன் நிறுத்துகிறேன்.

நவம்பர் 16, திங்கள்

பிரிவினை முடிந்தது. மான்வேட்டை மருதாசலத்துக்கு. தன் பரிசைத் தானே திரும்ப எடுத்துக்கொண்டார் கனகவல்லி அம்மையார். அதைத் தந்தை சாப்பாட்டு அறையிலேயே மாட்டியிருந்தது குறித்து அவருக்குப் பெருமை. கதவு இன்று சாத்தப்பட்டிருந்தது; பெள்ளியின் ஏற்பாடு.

கடுகுநிறச் சேலைப் படத்தை இருவரிடமும் முறைப்படி கேட்டேன். இருவரும் வேண்டாம் என்றனர். மூன்றாவது ஷரத்தின்படி மனோரஞ்சிதம் அம்மாளை அழைத்தேன்.

"அந்தப் படம்" என்றார்.

"அதையா? அலமாரி எடுத்துக்கலாமே!" என்றார் கனகவல்லி அம்மையார், உண்மையான இரக்கத்தோடு. "சாரே நல்லா இல்லைன்னு சொல்லிட்டாரே."

"எனக்கு அது போதுங்க."

மருதாசலம் என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "அந்தம்மாளுக்கு என்னங்க தெரியும், பாவம்" என்றார்.

பிற்பகல் பேருந்தில் மனோரஞ்சிதம் அம்மாள் உடுமலைக்குப் புறப்பட்டார். அக்காள் வீடு அங்கிருக்கிறது; முகவரியை ரசீதுக்காகக் குறித்துக்கொண்டேன். படுக்கை விரிப்பில் சுற்றிய படத்தைப் பெள்ளி தூக்கிக்கொண்டார். வழக்கு முடிந்த நிலையில் நடுவர் உடன் செல்வதற்குத் தடையில்லை என்பதால் நானும் பேருந்து நிறுத்தம் வரை சென்றேன்.

பனி இறங்கியிருந்தது. முன்னால் போன பெள்ளியின் முதுகு மறைந்து, வெள்ளை விரிப்பு மட்டும் தனியே நடந்து போவது போலிருந்தது. நான் மன்னிப்புக் கோரும் வாக்கியத்தை மனதில் அமைத்துக்கொண்டு வந்தேன். அது நீளமாக இருந்தது. அவர் முந்திக்கொண்டார்.

"லாட்ஜு, குமாஸ்தா, மைத்துனர் எல்லாம் எனக்காகச் சொன்னீங்கன்னு தெரியும் சார். உள்ள போய்ச் சிரிச்சேன்."

நான் நடையைத் தளர்த்தினேன்.

"கயித்தைப் பத்திச் சொன்னீங்களே, அது மட்டும் நிஜமாச் சொன்னீங்க."

மறுக்க வாயெடுத்தேன். அவர் கையைச் சற்றே உயர்த்தினார், அவ்வளவுதான்.

"அன்னைக்குக் கம்பம் காத்துல விழுந்துருச்சு. சேலை மண்ணுல புரளுமேன்னு ஓடிப்போய்க் கயித்தைப் பிடிச்சேன். உள்ளேயிருந்து சத்தம் போடறார், 'அப்படியே நில்லு, அப்படியே நில்லு'ன்னு. எவ்வளவு நேரம் நிக்கறது? கை வலிச்சு இறங்கிப் போச்சு. அப்புறம் தூக்கிப் பிடிச்சேன். மறுபடி இறங்கிச்சு. அவர் அதையும் அப்படியே வரைஞ்சு வெச்சார்." அதுவரை அவர் வாயில் 'ஐயா'வாக இருந்த அர்த்தநாரி அந்த வாக்கியங்களில் 'அவர்' ஆகியிருந்தார். "என்னைப் போடாதீங்கன்னு சொல்லியிருந்தேன். பிள்ளைங்க பார்ப்பாங்கன்னு. அதனாலதான் விளிம்போட நிறுத்திட்டார்."

பேருந்தின் விளக்குகள் முதலில் வந்தன. வண்டி பிறகு வந்தது. பெள்ளி படத்தை ஏற்றிச் சன்னலோரம் சாய்த்து வைத்தார். மனோரஞ்சிதம் அம்மாள் படியில் ஏறி, திரும்பினார்.

"எங்க அக்கா வீட்டுல கிழக்குப் பார்த்த ஜன்னல் இருக்கு சார். அதுக்கு நேரா மாட்டப்போறேன். எழுதறதுக்கு வெளிச்சம் நல்லா இருக்கும்."

நான் ஏதேனும் கூறுவதற்குள் பனி பேருந்தை எடுத்துக்கொண்டது.

நவம்பர் 17, செவ்வாய்

மலையிலிருந்து இறங்கினேன். மேட்டுப்பாளையத்தில் வெயில்.

டிசம்பர் 4, வெள்ளி

மருதாசலம் அழைத்ததன் பேரில் மில் அலுவலகம் சென்றேன். மான்வேட்டையை அவர் இருக்கைக்குப் பின்னால் மாட்டியிருக்கிறார். அதற்கென்றே தனி விளக்கு. வந்திருந்த வங்கி மேலாளரிடம், "வக்கீலய்யா ஒரு சாயங்காலம் பூராவும் இதும் முன்னால உக்காந்து பார்த்தாருங்க" என்றார். மேலாளர் எழுந்து நின்று பார்த்தார். நாயின் கண் உயிரோடு இருப்பதாகத் தெரிவித்தார். நானும் பார்த்தேன். அவ்வளவு மோசமில்லை என்றே தோன்றியது. இதை எவரிடமும் கூறப்போவதில்லை.

நடுவர் பணிகளை இனி ஏற்பதில்லை என்று குமாஸ்தாவிடம் சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார். முதுகுவலி என்றேன்.

டிசம்பர் 5, சனி

மாலையில் மொட்டை மாடிக்குச் சென்றேன். கொடிக்கயிற்றின் ஒரு முனையை ஆணியிலிருந்து அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். ஈர வேட்டி ஒன்றுதான் அதில் தொங்கியது. சிறிது நேரத்திலேயே தோள் வலித்தது. கை இறங்கியது, கயிறு தொய்ந்தது, தூக்கினேன், ஏறியது.

படத்தில் உள்ளது போலவே, அணுவளவும் பிசகின்றி.

கண்ணெதிரே இருப்பதைப் பார்த்து வரையத் தெரியாத கை என்று நான் கூறிய கருத்தைத் திரும்பப் பெறுகிறேன். அதைக் கேட்டவர்கள் மூவர். அவர்களுள் ஒருவரிடம் நேரில் தெரிவிப்பதே போதுமானதும் முறையானதும் ஆகும்.

நாளை ஞாயிறு, நீதிமன்றம் இல்லை. சன்னல் கிழக்குப் பார்த்தது என்பதால் வெளிச்சம் காலையில்தான் இருக்கும். எனவே உடுமலைக்கு முதல் பேருந்தில் செல்வதே உசிதம். நல்ல சால்வையை எடுத்து வைத்துவிட்டேன்.